கூரையிலிருந்து தொடங்கிய வீடு: ஒரே செட்டின் கட்டைகளில் ஒரு சொந்த வடிவமைப்பு

விளையாட்டுக் கட்டைகளால் வீடு கட்டுவதில் இரண்டு வகை உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கட்டைகளையெல்லாம் முன்னால் பரப்பிக்கொண்டு, மனத்தில் தோன்றிய வீட்டுக்கு வேண்டியதை அதிலிருந்து பொறுக்கி எடுப்பது ஒரு வகை. ஒரே ஒரு செட்டைப் பிரித்து, அதில் உள்ள கட்டைகளை மட்டும் கொண்டு, அதன் கையேட்டில் இல்லாத ஒரு வீட்டைக் கட்டுவது இன்னொரு வகை. முதல் வகையில் வடிவம் முன்னே செல்லும், கட்டை பின்னே வரும். இரண்டாவதில் கட்டை எதை அனுமதிக்கிறதோ அதுவே வடிவம். நான் இங்கே எழுதுவது இரண்டாவது வகையைப் பற்றி. ஒரே கட்டைகளால் மூன்று வெவ்வேறு மாதிரிகளைக் கட்டக்கூடிய, லெகோவின் கிரியேட்டர் 3 இன் 1 வகையைச் சேர்ந்த, நடுத்தர அளவுள்ள ஒரு வீட்டுச் செட்டை எடுத்துக்கொண்டு, அதன் மூன்று கையேடுகளிலும் இல்லாத ஒரு வீட்டை நான் கட்டினேன். வெளியிலிருந்து ஒரு கட்டைகூடச் சேர்ப்பதில்லை என்பதும், கையேட்டில் உள்ள எந்தப் பகுதியையும் அப்படியே எடுத்து ஒட்டுவதில்லை என்பதும் எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனைகள்.

இரண்டுக்கு நான்கு அளவுள்ள, அதாவது மேலே குறுக்கே இரண்டும் நெடுக்கே நான்குமாகக் குமிழ்கள் உள்ள, ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். லெகோவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் வீடு கட்ட உட்காருபவருக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை; எதையும் எப்படியும் கட்டிவிடலாம் என்ற பொய்யான தைரியத்தைத்தான் அது தருகிறது. ஒரு செட்டில் நூற்றுக்கணக்கான கட்டைகள் இருக்கலாம். வீட்டின் அளவைத் தீர்மானிப்பவை அவற்றில் முப்பதோ நாற்பதோதான். அந்த முப்பது எவை என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை, என் அனுபவத்தில் பாதி வேலையும் அதுவே.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் செட்டில் உள்ள எல்லாக் கட்டைகளின் படமும், ஒவ்வொன்றும் எத்தனை என்ற எண்ணிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். மிகச் சிறிய துண்டுகளில் மட்டும் ஒன்றிரண்டு உபரியாகப் பெட்டியில் கிடக்கும். அவை அந்தப் பட்டியலில் சேராதவை, ஆகையால் அவற்றை நம்பித் திட்டமிடாமல் இருப்பது நல்லது. பட்டியலைப் பார்த்துக்கொண்டே கட்டைகளைப் பிரித்து வைக்கும்போது, நிறத்தைவிட வடிவத்தின்படி பிரிப்பதே வசதி. ஒரே வடிவமுள்ள கட்டைகளின் குவியலில் வேண்டிய நிறம் உடனே கண்ணில் படும். ஒரே நிறக் குவியலில் வேண்டிய வடிவத்தைத் தேடுவது கண்ணுக்கு வேதனை. ஆனால் சுவருக்கான கட்டைகளுக்கு மட்டும் நான் விதிவிலக்கு வைத்தேன். சுவரில் நிறம்தான் முதலில் தட்டுப்படும் என்பதால், சுவர் நிறத்தில் உள்ள ஒற்றை அகலக் கட்டைகளைத் தனியே எடுத்து, எண்ணிக்கையாக அல்லாமல் மொத்த நீளமாகக் கணக்கிட்டேன். கட்டையின் மேல் துருத்தியிருக்கும் குமிழ்களே இங்கு அளவுகோல்: ஒன்றுக்கு நான்கு கட்டை என்றால் நான்கு குமிழ் நீளம், ஒன்றுக்கு இரண்டு என்றால் இரண்டு. இப்படிக் கூட்டியபோது என்னிடம் 124 குமிழ் நீளச் சுவர் இருந்தது.

அடுத்தது கூரை. சுவரில் ஒரு கட்டை குறைந்தால் வேறு நிறத்தை வைக்கலாம், ஜன்னலைப் பெரிதாக்கலாம், பின்புறத்தைத் திறந்தே விடலாம். சரிவுக் கூரையில் ஒரு கட்டை குறைந்தால் அந்த இடம் ஓட்டைதான். ஆகவே சரிவுக் கட்டைகளின் எண்ணிக்கையே வீட்டின் நீள அகலத்தை முடிவு செய்கிறது. என் செட்டில் 45 பாகைச் சரிவுக் கட்டைகள் இரண்டு அளவில் இருந்தன: இரண்டுக்கு நான்கு 16, இரண்டுக்கு இரண்டு 8. இருபுறமும் சரியும் முகட்டுக் கட்டைகள், இரண்டு குமிழ் நீளமுள்ளவை, 6. எல்லாம் சேர்த்து முப்பது. சரிவுக் கட்டைகளை வரிசையாக வைத்தால் 16 நான்குகளும் 8 இரண்டுகளுமாக 80 குமிழ் நீளம் வரும்.

இருபுறமும் சரியும் கூரையில் ஒவ்வொரு வரியும் மேலே செல்லச் செல்ல இரண்டு பக்கமும் ஒரு குமிழ் உள்ளே வாங்கும். உச்சியில் இரண்டு குமிழ் அகலத்தில் முகட்டுக் கட்டை உட்காரும். எனவே வீட்டின் அகலத்திலிருந்து இரண்டைக் கழித்து, அதை நீளத்தால் பெருக்கினால் வேண்டிய சரிவு நீளம் கிடைத்துவிடும். பத்துக்குப் பத்து வீடு என்றால் எட்டைப் பத்தால் பெருக்கி 80. என்னிடம் இருந்தது கனகச்சிதமாக அவ்வளவே. எட்டுக்குப் பன்னிரண்டு என்றால் ஆறைப் பன்னிரண்டால் பெருக்கி 72, எட்டு மிச்சம். ஆறு குமிழ் அகலத்தில் நீண்ட வீடு கட்டலாமே என்றால், சரிவு போதும், ஆனால் அதற்கு இருபது குமிழ் நீள முகடு வேண்டும். ஆறு முகட்டுக் கட்டைகள் பன்னிரண்டுக்கு மேல் எட்டா.

பத்துக்குப் பத்து கவர்ச்சியாகவே தெரிந்தது. உள்ளே இடம் சற்றுக் கூடுதல், கட்டை ஒன்றும் வீணாகாது. ஆனாலும் அதை விட்டேன். அகலம் பத்தாகும்போது கூரை முகட்டோடு சேர்த்து ஐந்து வரி உயரும்; கீழே சுவர் ஆறே வரி. வீடு தலைப்பாரமாகத் தெரியும். மேலும் கூரையின் இரு முனைகளிலும் சரிவுகளுக்கு இடையே உள்ள முக்கோண இடைவெளியைச் சுவர்க் கட்டையால் அடைக்க வேண்டும்: பத்து அகலத்தில் ஒரு முனைக்கு ஆறு, நான்கு, இரண்டு என்று பன்னிரண்டு குமிழ் நீளம் தேவை, எட்டு அகலத்தில் நான்கும் இரண்டும் சேர்ந்து ஆறுதான். சுவர்க் கட்டையின் கையிருப்பை நினைத்தபோது இந்தப் பாதி முக்கியமாகப் பட்டது. சுற்றுச்சுவரின் அளவோ இரண்டு வீட்டுக்கும் ஒன்றே, மூலைகளை ஒரு முறை மட்டும் எண்ணினால் வரிக்கு 36 குமிழ். எட்டுக்குப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தேன். மிஞ்சிய எட்டு குமிழ் நீளம் வாசலுக்கு மேல் ஒரு சின்னக் கூரையாகும் என்று குறித்துக்கொண்டேன்.

ஒரே பக்கம் சரியும் கூரை வைத்தால் கட்டை குறையும் என்று சிலர் நினைப்பதுண்டு. குறையாது. மூடவேண்டிய பரப்பு அதேதான். கூடவே பின்சுவர் பல வரிகள் உயர்ந்து சுவர்க் கட்டையை விழுங்கிவிடும். சரிவுக் கட்டைகள் மிகக் குறைந்த செட்டுகளுக்குத் தட்டையான மொட்டைமாடி வீடே நல்லது.

கூரை முடிவான பிறகு சுவருக்கு வந்தேன். கதவு நிலையின் உயரம் ஆறு கட்டை, அகலம் நான்கு குமிழ். எனவே சுவரும் ஆறு வரி. வரிக்கு 36 என்றால் மொத்தம் 216. அதில் கதவு 24ஐ எடுத்துக்கொள்ளும். நான்கு குமிழ் அகலமும் மூன்று கட்டை உயரமும் உள்ள ஜன்னல்கள் மூன்று, தலா 12 வீதம் 36. மீதி 156. கையில் இருப்பதோ 124. சரியாக 32 குறைகிறது. இந்த இடத்தில் ஒரு ஜன்னலைக் கூட்டலாமா, சுவரை ஒரு வரி தாழ்த்தலாமா என்றெல்லாம் யோசித்தபின் தரைமட்ட வரியைப் பார்த்தேன். 36இல் கதவின் நான்கைக் கழித்தால் 32. அந்த ஒரு வரியை மட்டும் சாம்பல் நிறக் கட்டைகளால் கட்டியதும் பற்றாக்குறை மறைந்தது. கருங்கல் அடிப்பீடத்தின்மேல் எழுந்த சுவர் என்ற தோற்றமும் வந்தது. நிறத் தட்டுப்பாட்டைச் சுவரில் அங்கங்கே சிதறவிட்டால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். ஒரே வரியில், ஒரே மூலையில், ஒரே தூணில் திரட்டிவிட்டால் வேண்டுமென்றே செய்ததாகிவிடும். ஒரே செட்டில் கட்டுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள உத்தியை நான் அறியேன்.

சுவர் எழுப்புவதில் கொத்தனாரின் விதிகள் அப்படியே பொருந்தும். ஒரு வரியின் இணைப்புக்கு நேர்மேலே அடுத்த வரியின் இணைப்பு வரக்கூடாது. மூலையில் ஒரு வரி இந்தச் சுவரிலிருந்து வந்தால் அடுத்த வரி அந்தச் சுவரிலிருந்து வரவேண்டும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் போவது, திறப்புகள் மூலையை நெருங்கும்போது நேர்வது. என் முன்சுவரின் பன்னிரண்டு குமிழ்கள் இப்படிப் பிரிந்தன: இடது மூலை ஒன்று, கதவு நான்கு, இடையில் ஒன்று, ஜன்னல் நான்கு, இன்னும் ஒன்று, வலது மூலை ஒன்று. கதவை ஒட்டிய இடது மூலைக்கு முன்சுவரில் பிடிப்பே இல்லை. ஆறு வரிக்கும் அது தனிமரம். ஆகவே இடதுபுறச் சுவரில் ஜன்னல் வைக்காமல், நீளமான கட்டைகள் மூலைவரை வந்து அதைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டேன். எந்த மூலையிலும் சேரும் இரண்டு சுவர்களில் ஒன்றாவது அதைக் கட்டிப் பிடிக்க வேண்டும் என்பதே விதி. ஜன்னல் எங்கே அழகாக இருக்கும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். மற்ற இரண்டு ஜன்னல்களும் வலதுபுறச் சுவருக்கும் பின்சுவருக்கும் போயின.

ஜன்னல்களுக்கு இருபுறமும் திறந்த கதவுகள் வைத்தால் முகப்பு உயிர்பெறும் என்று தோன்றியது. செட்டில் அதற்கென்று தனித் துண்டு இல்லை. மூன்று குமிழ் நீளமுள்ள ஒற்றை அகல டைல்கள், அதாவது மேலே குமிழ் இல்லாத மெல்லிய தட்டுகள், நான்கு இருந்தன. அவற்றைச் சுவரில் நெட்டுக்குத்தாக ஒட்ட, பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகள் வேண்டும். இங்கேதான் அளவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். பிளேட் என்னும் மெல்லிய தட்டின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, 3.2 மில்லிமீட்டர். அதாவது கட்டையின் உயரமும் ஒரு குமிழ் அகலமும் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் உள்ளன. கட்டைகளைக் கிடைமட்டமாக அடுக்கும்வரை இந்த விகிதம் தொந்தரவு தருவதில்லை. எதையாவது பக்கவாட்டில் திருப்பி ஒட்ட முயன்ற உடனே தலைநீட்டும். பக்கக் குமிழ்க் கட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவற்றின் பக்கக் குமிழ்களுக்கு இடையே 9.6 மில்லிமீட்டர் தூரம் வரும்; டைலின் அடியில் உள்ள குழிகளோ 8 மில்லிமீட்டருக்கு ஒன்று. ஆகவே டைல் இரண்டிலும் பிடிக்காது. லெகோ நிறுவனத்தின் காட்ஃபிரெட் கிர்க் கிறிஸ்டியன்சனுக்கே இந்த விகிதம் தொல்லை கொடுத்திருக்கிறது. தம்முடைய சொந்த வீட்டைக் கட்டைகளால் மாதிரி செய்து பார்க்க முற்பட்டபோது அளவுகள் ஒத்துவராததன் தொடர்ச்சியாகவே, கட்டடக் கலைஞர்களுக்காக 5 மில்லிமீட்டரை அடிப்படையாகக் கொண்ட மாடுலெக்ஸ் கட்டைகள் 1963இல் உருவாயின.

நமக்கு மாடுலெக்ஸ் தேவையில்லை. ஐந்து பிளேட் உயரம் இரண்டு குமிழ் அகலத்துக்குச் சமம் என்ற ஒரே கணக்கு போதும். ஐந்து முறை 3.2 என்பது 16, இருமுறை எட்டும் 16. ஒரு பக்கக் குமிழ்க் கட்டை, அதன்மேல் இரண்டு பிளேட், அதன்மேல் இன்னொரு பக்கக் குமிழ்க் கட்டை என்று அடுக்கினால், பக்கக் குமிழ்களுக்கு இடையே சரியாக 16 மில்லிமீட்டர் வரும். மூன்று குமிழ் நீள டைலின் இரு முனைகளும் அவற்றில் பொருந்தும். உச்சியில் இன்னொரு பிளேட்டைச் சேர்த்தால் அந்தத் தூண் ஒன்பது பிளேட் உயரம், அதாவது மூன்று கட்டை, அதாவது ஜன்னலின் உயரம். டைலின் நீளம் 24 மில்லிமீட்டர், ஜன்னல் 28.8, இந்தச் சிறு வித்தியாசம் கண்ணை உறுத்தவில்லை. பக்கக் குமிழ்க் கட்டைகள் எட்டே இருந்தன. முன்ஜன்னலுக்கு இரண்டு தூண், பின்ஜன்னலுக்கு இரண்டு தூண் என்று அவை தீர்ந்துபோயின. வலதுபுற ஜன்னல் வெறுமையாகவே நின்றது. கட்டை மிஞ்சியிருந்தாலும் அங்கே வைத்திருக்க மாட்டேன். முன்புறத் தூணும் பக்கத் தூணும் ஒரே மூலையை இருபுறமும் நெருக்கினால், அந்த மூலையை எதுவும் பிடிக்காது.

எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. நான்கு தூண்களும் தலா மூன்று சுவர்க் கட்டைகளின் இடத்தை எடுத்துக்கொண்டதால் 12 குமிழ் நீளச் சுவர் மிஞ்சியது. தூணின் நிறமோ பெரும்பாலும் டைலுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. மிஞ்சியதில் எட்டு, கூரை முனைகளின் முதல் வரி இடைவெளிக்கு, முனைக்கு நான்காகச் சென்றது. இரண்டாம் வரியில் முனைக்கு இரண்டு குமிழ் இடைவெளி. அங்கே ஒளி ஊடுருவும் கட்டை ஒன்றை வைத்ததும் பரணுக்கு ஒரு சாளரம் ஆயிற்று.

சுவரின் உச்சியில் கதவு நிலைக்கு மேலே லிண்டல் இல்லை, ஏனென்றால் நிலை ஆறு வரியையும் நிரப்பிவிட்டது. அதனால் சுவர் முழுவதையும் சுற்றி ஒரு பிளேட் வளையம் ஓட்டினேன். உண்மையான கட்டடத்தில் சுவர்களைச் சுற்றிவரும் கான்கிரீட் பட்டையின் வேலையை அது செய்கிறது. இங்கே இன்னொரு முடிவும் தேவைப்பட்டது. கூரையைத் தூக்கினால் உள்ளே பார்க்க முடிய வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் 36 குமிழ்களில் அழுத்திப் பொருத்திய கூரை தனியாகக் கழன்று வராது. சுவரின் மேல்வரிகளையும் பிடுங்கிக்கொண்டுதான் வரும். குமிழ்களை எண்ணிக்கையில் குறைப்பதே தீர்வு. வளையத்தின்மேல் குமிழ் இல்லாத டைல்களைப் பதித்து, நான்கு மூலைகளிலும் நீளச் சுவர்களின் நடுவிலும் மட்டும் டைலுக்குப் பதிலாக ஒன்றுக்கு ஒன்று பிளேட் வைத்து ஒவ்வொரு குமிழை விட்டேன். ஆறு குமிழ்களின் பிடிப்பு, வீட்டைத் தூக்கிச் செல்லும்போது கூரை நழுவாமல் இருக்கவும் போதும், இரண்டு விரலால் எடுக்கவும் இடம் தரும். டைல்கள் வளையத்தின் இணைப்புகளுக்குக் குறுக்கே விழும்படி பதித்தால் வளையமும் உறுதிப்படும்.

கூரைக்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும். இரண்டுக்கு எட்டு பிளேட்டுகள் மூன்றைக் குறுக்காக வைத்தேன், இரு முனைகளில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. அவற்றின் இடைவெளிகளில் ஓரங்களை ஒட்டி இரண்டுக்கு மூன்று பிளேட்டுகள் நான்கு. இரண்டும் மூன்றும் இரண்டும் மூன்றும் இரண்டுமாகப் பன்னிரண்டு. இந்தச் சட்டம் தனியாகக் கையில் நிற்காது; அதன்மேல் முதல் வரிச் சரிவுக் கட்டைகளை நான்கு, நான்கு, நான்கு என்று வைத்ததும் பிளேட்டுகளின் இணைப்புகள் எல்லாம் சரிவுக் கட்டைகளின் அடியில் வந்து, சரிவுக் கட்டைகளின் இணைப்புகள் எல்லாம் பிளேட்டுகளின் நடுவில் வந்து, ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன. இரண்டாம் வரியை இரண்டு, நான்கு, நான்கு, இரண்டு என்று மாற்றினேன்; மூன்றாம் வரி மீண்டும் நான்குகள். கூட்டிப் பார்த்தால் நான்கு நீளக் கட்டைகள் பதினாறும், இரண்டு நீளக் கட்டைகளில் நான்கும் செலவாகியிருக்கும்.

சரிவுக் கட்டைகளின் பலவீனம் ஒன்றைக் கட்டும்போது உணரலாம். ஒவ்வொரு வரியும் கீழ்வரியின் ஒற்றைக் குமிழ் வரிசையில் மட்டும் ஊன்றி, மறுபாதி உள்நோக்கி அந்தரத்தில் நிற்கிறது. முனைகளில் முக்கோணச் சுவர் தாங்கிக்கொள்கிறது. நடுவில் தாங்க ஒன்றுமில்லை. முகட்டுக் கட்டைகள் இருபுறச் சரிவுகளையும் இணைத்த பிறகுதான் கூரை ஒரே உடலாகிறது. அதுவரை அழுத்தினால் உள்ளே சாயும். ஆகவே நடுக் குறுக்குப் பிளேட்டின்மேல், முனைகளில் இருப்பதைப் போலவே, முதல் வரியில் நான்கு குமிழ்க் கட்டையும் இரண்டாம் வரியில் இரண்டு குமிழ்க் கட்டையும் வைத்தேன். வெளியே தெரியாத இடம் என்பதால் செட்டில் யாருக்கும் வேண்டாத இளஞ்சிவப்பும் பச்சையும் அங்கே போயின. மறைவிடங்களுக்கு நல்ல நிறங்களைச் செலவிடாமல் இருப்பது, ஒரே செட்டில் கட்டும்போது கிட்டத்தட்ட ஒரு ஒழுக்கமாகிவிடுகிறது.

புகைபோக்கியைக் கூரையைத் துளைத்து வைக்கும் எண்ணத்தை விரைவிலேயே கைவிட்டேன். துளைக்கும் இடத்தில் நான்கு நீளச் சரிவுக் கட்டைகளைக் குட்டைக் கட்டைகளாக உடைக்க வேண்டும், அவற்றில் மிஞ்சிய நான்கும் வாசல் கூரைக்கு ஒதுக்கியவை. அடித்தளமோ பதினாறுக்குப் பதினாறு பிளேட்; வீட்டின் பன்னிரண்டு போக இருபுறமும் இரண்டு குமிழ் இடம் இருந்தது. ஜன்னல் இல்லாத இடதுபுறச் சுவரை ஒட்டி இரண்டுக்கு இரண்டு கட்டைகளை நேராக அடுக்கினால் அதுவே புகைபோக்கி. ஆறு வரி சுவர், வளையமும் டைலும் கூரைச் சட்டமும் சேர்ந்து மூன்று பிளேட் என்பதால் ஒரு கட்டை, முகடு உட்படக் கூரை நான்கு வரி: பதினொன்று. பன்னிரண்டு கட்டை வைத்தால் முகட்டைத் தாண்டித் தலை நீட்டும். தனியாக நிற்கும் அந்தத் தூணைச் சுவரோடு பிணைக்க, ஒன்றுக்கு மூன்று கட்டைகள் இரண்டை வெவ்வேறு உயரத்தில் குறுக்காக வைத்தேன். ஒரு குமிழ் சுவரில், இரண்டு குமிழ் புகைபோக்கியில். கூரை அதை உரசாமல் எழும்புகிறது. ஒவ்வொரு கட்டையும் தன் பெயரளவு நீளத்தைவிடப் பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர் குறைவாகவே வார்க்கப்படுவதால், இரண்டுக்கு நான்கு கட்டையின் உண்மை நீளம் 32 அல்ல, 31.8 மில்லிமீட்டர். அந்த மயிரிழை இடைவெளிதான் இங்கே உதவுகிறது.

வாசல் கூரைக்கு முன்பே சொன்ன எட்டு குமிழ் நீளம், இரண்டுக்கு இரண்டு கட்டைகள் நான்காக இருந்தது. கதவுக்கு மேல் வளையத்தின் இடத்திலேயே நான்கு குமிழ் அகலப் பிளேட் ஒன்றை முன்னால் நீட்டி, அதன் முன்மூலைகளை வட்டக் கட்டைத் தூண்களில் நிறுத்தி, மேலே இருபுறமும் சரிவு வைத்தேன். முகட்டுக் கட்டை தீர்ந்துவிட்டதால் உச்சியை ஒரு பிளேட்டால் தட்டையாக மூடினேன்.

உட்புறம் ஆறுக்குப் பத்து. மினிஃபிகர் என்னும் லெகோவின் சிறு மனித பொம்மை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரம், நிற்க இரண்டு குமிழ் அகலம் கேட்கும். மாடிப்படி வைத்தால் வேறு எதற்கும் இடமிருக்காது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அடுப்பு, அவ்வளவே. இவற்றைச் சுவர் இரண்டாம் வரியில் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். ஆறு வரி எழுந்த பின் விரல் நுழையாது.

கழற்றுவதைப் பற்றியும் ஒரு சொல். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிளேட்டுகளைப் பல்லால் கடித்துப் பிரிப்பது பலருக்கும் பழக்கம். கட்டைகள் 1963 முதல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன, அது உறுதியானதுதான், ஆனாலும் ஓரத்தில் பல் தடம் விழுந்த பிளேட் பிறகு சமமாகப் பொருந்துவதில்லை. பிரிப்பான் என்ற சிறு கருவி பல செட்டுகளிலேயே வருகிறது. இரண்டு மெல்லிய பிளேட்டுகள் விடாப்பிடியாக இருந்தால், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பிரிப்பான்களைப் பொருத்தி எதிரெதிராக நெம்பினால் வந்துவிடும்.

கட்டி முடித்த வீட்டைப் பதிவு செய்யும் முறை, கட்டும் முறையைப் போலவே முன்கூட்டி யோசிக்க வேண்டிய ஒன்று. ஏறும்போது படம் எடுக்கலாம் என்று நினைத்தால், பாதியில் மாற்றிய பகுதிகளின் பழைய படங்கள் கலந்துவிடும். கழற்றும்போது ஒவ்வொரு வரியாக மேலிருந்து ஒரே கோணத்தில் படமெடுத்து, அவற்றைத் தலைகீழ் வரிசையில் அடுக்கினால் அதுவே கையேடு. கணினியில் செய்ய விரும்புவோருக்கு பிரிக்லிங்கின் ஸ்டுடியோ மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு செட்டின் எண்ணைக் கொடுத்து அதன் கட்டைகளை மட்டும் தனித் தட்டாகக் கொண்டுவர முடியும் என்பதால், இந்த வகைக் கட்டுமானத்துக்கு அது பொருத்தமானது. ரீப்ரிக்கபிள் தளத்தில் செட் எண்ணைத் தேடினால், அதே செட்டின் கட்டைகளால் மட்டும் மற்றவர்கள் உருவாக்கிய மாற்று வடிவங்களைக் காணலாம். நான் அதை என் வீடு முடிந்த பிறகே திறந்து பார்த்தேன். முன்பே பார்த்திருந்தால் நல்ல யோசனைகள் கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் கூரைக் கணக்கை நானே போட்டுப் பார்த்திருக்க மாட்டேன்.

கணினியில் எட்டுக்குப் பன்னிரண்டு வீட்டை ஏற்றி முடித்தபின், கைவிட்ட பத்துக்குப் பத்தையும் அதில் கட்டிப் பார்த்தேன். சரிவுக் கட்டைகள் கணக்கிட்டபடியே ஒன்றும் மிஞ்சாமல் பொருந்தின, முகட்டுக் கட்டை ஒன்று உபரி. முக்கோண முனைகளை அடைக்கத்தான் சுவர்க் கட்டை பன்னிரண்டு குமிழ் குறைந்தது. அந்த முனைகளைப் பழுப்பு நிறத்தில், மரப்பலகை அடித்ததுபோல் கட்டினால் அதுவும் நிற்கும். செட்டில் பழுப்பு ஒற்றை அகலக் கட்டைகள் போதுமான அளவு இருக்கின்றன.